வலை வாசலில் ஒரு கைப்பிடி உப்பு

என்ர மருமகனுக்கு முன்பல் ரெண்டும் பொய்ப்பல். இதை முதல்லயே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் கலியாணத்துக்கு முதல் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. தாலி கட்டி முடிஞ்சு பந்தியில இருந்தால், சோறு போட்ட உடனை மாப்பிள்ளை மெல்லக் குனிஞ்சு ரெண்டு பல்லையும் கழட்டி, கைலேஞ்சியில சுத்தி மடியில செருகினார். பக்கத்தில நிண்டு பாயாசம் பரிமாறின என்ர மனிசி நாகலட்சுமி அதைக் கண்டுபோட்டு, பாயாசத்தை என்ர வேட்டியில ஊத்தினாள்.

"பக் அடிச்சது மாமா, நத்திங் சீரியஸ்" எண்டு பொக்கை வாயால சிரிச்சார்.

பக் எண்டால் ஐஸ் ஹொக்கியில பந்துக்குப் பதிலா அடிக்கிற கறுப்பு றப்பர் வட்டு. எனக்கு அண்டைக்கு அதுவும் தெரியாது. மகள் சிவகௌரி ஒரு ஹொக்கி விளையாடுற பெடியனைக் கட்டப்போறன் எண்டு வந்து நிண்டபோது, புல்லில விளையாடுற ஹொக்கி எண்டுதான் நினைச்சனான். ஐஸில எண்டு தெரிஞ்சபிறகு ரெண்டு நாள் சாப்பிடேல்லை. சிட்னி வெயிலில ஐஸை எங்க போய்த் தேடுறது, அதில விளையாடி எப்பிடிப் பிழைக்கிறது எண்டு சத்தம் போட்டனான். கௌரி காதிலயும் வாங்கேல்லை. ஒண்டே ஒண்டு பெத்தனாங்கள். அவள் கேட்டு நாங்கள் இல்லையெண்ட சரித்திரமே கிடையாது.

பேர் சுபாங்கன். பிறந்து வளர்ந்தது கனடாவில, ஸ்காபரோவில. தகப்பன் பேக்கரிக்கு மா ஏத்துற லொறி ஓட்டினவர். மற்ற வீட்டுப் பெடியள் டொக்டர், எஞ்சினியர் எண்டு போக, இவர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால உறைஞ்சுகிடந்த குளத்தில ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின்ர பழைய ஸ்கேற் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கினவராம். அண்டைக்குப் பிடிச்ச விசர். ரீவியில காட்டுற பெரிய லீக்கில எடுபடேல்லை. அதுக்குக் கீழ, அதுக்கும் கீழ எண்டு, பேர் வாயில நுழையாத ஊருகளில சம்பளத்துக்கு விளையாடினவர். பிறகு ஜேர்மனி. எங்கட குளிர்காலம் அவையளுக்குக் கோடை எண்டதால, சும்மா இருக்கிற மாதங்களில இஞ்ச வந்து ஒரு சீசன் விளையாடுவம் எண்டு சிட்னிக்கு வந்திருக்கிறார். முழங்காலுக்கு மருந்து வாங்க கௌரி வேலை செய்யிற ஃபார்மசிக்குப் போனவர், மருந்தோட என்ர மகளையும் கொண்டு போட்டார்.

அந்த முழங்கால்தான் அவரைக் கோச் ஆக்கினது. ஜேர்மனியில ஒரு வருசம் முழுக்க, உள்ளுக்குச் சவ்வு கிழிஞ்சதை ஒருத்தருக்கும் சொல்லாமல் ஊசியைப் போட்டுப் போட்டு விளையாடினவர். சொன்னால் அடுத்த வருச ஒப்பந்தம் கிடையாது எண்ட பயம். கடைசியில முழங்காலும் போச்சு, ஒப்பந்தமும் போச்சு. முப்பது வயசில மாடிப்படி ஏற ஏலாத மனுசன். ஆனபடியால் சிட்னியில கோச் வேலை கிடைச்ச முதல் நாளே தன்ர பெடியளுக்குச் சொன்னது ஒரே ஒரு விசயம்தானாம்: எங்க நோகுது எண்டதை எனக்கு மறைக்காதேங்கோ. மறைச்சுப் பிடிபட்டால் வெளியில இருக்க வேண்டியதுதான், எவ்வளவு பெரிய வீரனாய் இருந்தாலும்.

இந்த நாட்டில ஐஸ் ஹொக்கியை நம்பி ஒருத்தரும் அடுப்புப் பத்தவைக்க ஏலாது. விளையாடுற பெடியளே பகலில குழாய் பூட்டவும் கட்டடம் கட்டவும் போறவங்கள். கோச்சுக்கு மட்டும் கிளப் சம்பளம் குடுக்கும். கிளப்பின்ர தலைவர் கிரெய்க் எண்டு ஒரு ரயர் கடை முதலாளி. அந்த மனுசன் சீசன் தொடக்கத்தில சுபாங்கனிட்ட நேராச் சொல்லிப்போட்டான்: ஃபைனலுக்குக் கொண்டு போனால் மூண்டு வருச ஒப்பந்தம், இல்லாட்டி ஃபின்லாந்தில இருந்து வேற ஆள் வருவான்.

சரிவராட்டி என்ன செய்யிறது எண்டதையும் கௌரியும் மருமகனும் முடிவெடுத்து வச்சிருந்தவை. கனடாவில சஸ்கச்சுவான் எண்ட மாநிலத்தில ஒரு சின்ன ஊரில கோச் வேலை ஒண்டு காத்திருந்தது.

"இஞ்ச இல்லையெண்டால் நாங்கள் போறம் அம்மா. அவருக்கு வேற வேலை தெரியாது" எண்டாள் கௌரி.

எங்களுக்கு அது இடி. அண்டையில இருந்து என்ர மனிசிக்கு ஐஸ் ஹொக்கிதான் விரதம், ஐஸ் ஹொக்கிதான் கோயில். ஒவ்வொரு கிழமையும் ரோல்ஸும் பற்றிஸும் பொரிச்சுப் பெட்டியில அடுக்கிக்கொண்டு, சேலைக்கு மேல குளிர்ச்சட்டையைக் கொழுவிக்கொண்டு ஐஸ் அரங்குக்கு வெளிக்கிட்டிடுவாள். விதியெல்லாம் என்னைவிட வடிவாப் பாடமாக்கிப் போட்டாள். பக்குக்கு அவள் வச்ச பேர் கருகின வடை. "வடையை விடாதை, வடையை விடாதை!" எண்டு கத்துவாள். நடுவரைப் பார்த்து, "எட குருட்டுப் பிசாசே, உனக்குக் கண் என்ன பிடரியிலயோ?" எண்டு கேட்பாள். அந்தாள் தனக்கு வாழ்த்துச் சொல்லுறா எண்டு நினைச்சுக் கையைக் காட்டுவான். ரீம் பெடியள் எல்லாருக்கும் அவள் அன்ரி. பெயின்ற் அடிக்கிற வேலைக்குப் போற ஜோஷ் எண்ட கோல்கீப்பர் பெடியன், உடுப்பு மாத்த முதல் அவளின்ர பெட்டியைத்தான் தேடி வருவான்.

பெடியள் உயிரைக் குடுத்து விளையாடி அரையிறுதிக்கு வந்திட்டாங்கள். மெல்பேர்ண் ரீமோட ஆட்டம், ஞாயித்துக்கிழமை பின்னேரம். வெண்டால் ஃபைனல்.

அந்தக் கிழமை பார்த்து ரெண்டு காரியம் நடந்தது. ஒண்டு, தமிழ் றேடியோவில சுபாங்கனைப் பேட்டி எடுத்தவை. "முழுச் சனத்தின்ர வாயிலயும் விழுந்தாச்சு, கண்ணூறு படாமல் என்ன செய்யும்?" எண்டு நாகலட்சுமி தலையில கையை வச்சாள். மற்றது, ரீமில இருக்கிற பெரிய கெட்டிக்காரன் டைலர், பயிற்சியில விழுந்து எழும்பினவன், அடுத்த நாள் தானாவே வந்து "கோச், தலை சுத்துது" எண்டு சொல்லியிருக்கிறான். சுபாங்கன் அவனை உடனை வெளியில இருத்திப்போட்டார். கிரெய்க் வந்து குதிச்சும் மசியேல்லை. எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. "எட, ஒரு பனடோலைப் போட்டிட்டு விளையாடியிருக்கலாமே, இவன் என்ன அரிச்சந்திரன்ர பேரனோ?" எண்டு நான் கேட்க, மருமகன் எழும்பிப் போனார்.

ஆட்டத்தண்டு அரங்கு நிரம்பி வழிஞ்சது. மூண்டு பகுதியா விளையாடுறது. ரெண்டு பகுதி முடிய ரெண்டுக்கு ரெண்டு. எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறி, கோப்பி வாங்கக் கன்ரீனுக்குப் போட்டன். நான் திரும்பி வரேக்க ஐஸை அழுத்தி மினுக்குற மெசின் தன்ர வேலையை முடிச்சு வெளியில போயிருந்தது. நாகலட்சுமி மூச்சு வாங்க வந்து பக்கத்துக் கதிரையில இருந்தாள். எங்க போனனி எண்டு கேட்டதுக்கு, "ஒண்டுமில்லை, கால் விறைச்சது, நடந்தனான்" எண்டாள்.

கடைசிப் பகுதியில எங்கட பெடியள் ஒரு கோல் போட்டாங்கள். அதுக்குப் பிறகு மெல்பேர்ண்காரர் எங்கட வலையைச் சுத்திக் குளவி மாதிரிக் கிளம்பிட்டாங்கள். முடிய ஒரு நிமிசம் கிடக்கேக்க ஜோஷ் ஒரு அடியைத் தடுக்கப் பாய்ஞ்சு தூரப்போய் விழுந்தான். வலை வெறுமை. மெல்பேர்ண் பெடியன் ஒருத்தன் ஆறுதலா, அவசரமில்லாமல் தட்டிவிட்டான். பக் நேரா வலைக்குத்தான் போகுது. நாகலட்சுமி சேலைத் தலைப்பால முகத்தை மூடினாள். நான் மூடேல்லை, என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான். கோட்டுக்கு ஒரு சாண் கிடக்க, வழுக்கிக்கொண்டு போன அந்த வட்டு சேத்தில விழுந்தது போலத் தக்கெண்டு நிண்டுட்டுது. எங்கட ஆள் ஒருத்தன் ஓடிவந்து அதை வெளியில தள்ளினான். சங்கு ஊதினது. வெண்டாச்சு!

மெல்பேர்ண்காரர் அந்த இடத்தைக் குனிஞ்சு பார்த்தாங்கள். நடுவரும் பார்த்தார். ஐஸ் அதில ஊறிப்போய்ப் பொள்ளல் பொள்ளலாக் கிடந்தது. கோல்கீப்பர்மார் காலாலை உரஞ்சிற இடம்தானே, உது விதி எண்டு விட்டிட்டாங்கள். நானும் கிரெய்க்கும் கட்டிப்பிடிச்சுக் குதிச்சம். அந்தாளை அதுக்கு முதல் எனக்குக் கண்ணிலயும் காட்ட ஏலாது.

பொழுதுபடேக்க எங்கட ரூங்கபி வீட்டில ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும். கௌரி சிரிச்ச சிரிப்பை நான் கன நாளாய்க் காணேல்லை. நாகலட்சுமி மருமகனுக்கு எலும்பாப் பார்த்துப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு பெருமை தாங்கேலாமல் வாயைத் திறந்தாள்.

"நான் மட்டும் உப்புச் சுத்திப் போடாட்டில் இண்டைக்கு என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

"எப்ப சுத்தினனி?" எண்டன்.

"ரெண்டாவது இடைவேளையில. இவர் உடுப்பு அறைப் பக்கம் போகேக்க மறிச்சுத் தலையை மூண்டுதரம் சுத்தினனான். என்ன தம்பி?"

"ஓம் மாமி, ஐ ரிமெம்பர்" எண்டு சிரிச்சார் மருமகன். "பிறகு உப்பை என்ன செய்தீங்கள்?"

"சுத்தின உப்பைத் தண்ணியில கரைக்கோணும். அது கரைய இது கரையும். அங்க தண்ணி எங்க கிடக்கு? கக்கூசுக்குள்ள கொண்டுபோய் ஆரும் கண்ணூறு கரைக்கிறதே? பார்த்தன், ஐஸும் தண்ணிதானே. மெசின் மினுக்கி முடிச்சுப் போன கையோட கதவு திறந்து கிடந்தது, சனமெல்லாம் கன்ரீனில. மெல்ல நாலடி நடந்துபோய் எங்கட வலை வாசலில போட்டிட்டு வந்தனான். வாசலைக் காக்கத்தானே வேணும்!"

மருமகன்ர கை புட்டுக் கோப்பைக்கு மேல அப்பிடியே நிண்டுட்டுது.

"எவ்வளவு உப்பு மாமி?"

"ஒரு கைப்பிடி. கல்லுப்பு."

ஐஸில உப்புப் பட்டால் என்ன நடக்கும் எண்டு கனடாவில பிறந்த பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. அங்க றோட்டில உறையிறதை உருக்க உப்பைத்தானே கொட்டுறவை. எனக்கும் விளங்கிட்டுது. கௌரிக்கும் விளங்கிட்டுது. விளங்காதவள் நாகலட்சுமி மட்டும்தான், கரண்டியைப் பிடிச்சுக்கொண்டு முகம் முகமாய்ப் பார்த்தாள்.

"ஜோஷ் என்னட்டச் சொன்னவன். ஐஸ் சொஃப்டாக் கிடக்கு எண்டு. நான்தான் பரவாயில்லை, விளையாடு எண்டனான்" எண்டார் மருமகன். பிறகு மாமிக்கு ஆறுதலா விளங்கப்படுத்தினார், ஒரு சொல்லும் கோவிக்காமல். அவளின்ர முகம் கறுத்துப்போச்சு.

"அப்ப அது கோலோ?"

"ஓம் மாமி. அது கோல்தான்."

"சரி சரி, இப்ப என்ன?" எண்டு நான் புகுந்தன். "ஆரும் கண்டவையோ? ஆருக்கும் தெரியுமோ? கறி ஆறுது, சாப்பிடுங்கோ."

அவர் கையைக் கழுவிப்போட்டுப் பின்வளவுக்குப் போட்டார். நானும் பின்னால போனன். உடுப்புக் காயப்போடுற கம்பிக்குக் கீழ நிண்டு முழங்காலைத் தேய்ச்சுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் ஒரு பிழையும் செய்யேல்லை. விசர் மனிசி ஒண்டு அறியாமல் செய்தது. மழை பெய்ஞ்சு கிரிக்கெட் நிண்டால் ஆரும் மன்னிப்புக் கேக்கினமோ?"

"மழையை ஆரும் கையால போடுறேல்லை மாமா."

"வேலை போகும். விளங்குதோ? நீங்கள் ரெண்டு பேரும் போயிடுவீங்கள். நாங்கள் இஞ்ச ரெண்டு கிழடுகளும் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ?" ஒளிக்கேல்லை, அழுதுபோட்டன்.

அவர் என்ர தோளில கையை வச்சார். "டைலர் வந்து தலை சுத்துது எண்டு சொன்னவன் மாமா. சொன்னால் செமிஃபைனல் இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு சொன்னவன். இருபது வயசு. அவனைச் சொல்ல வச்சது நான். இப்ப எனக்கு ஒரு விசயம் வரேக்க நான் மறைச்சால், நாளைக்கு எந்த முகத்தோட அவனைப் பார்க்கிறது? நான் ஒருக்கா மறைச்சனான். இந்தக் காலைப் பாருங்கோ."

கெடுகுடி சொற்கேளாது எண்டு வாய்க்குள்ள முணுமுணுத்தன். ஆனால் கெடுகுடி ஆர் எண்டதில எனக்கே சந்தேகமாத்தான் கிடந்தது.

உள்ளுக்கு வந்தால் நாகலட்சுமி சேலையை மாத்திக்கொண்டு நிண்டாள். "போட்டது நான். நான்தான் வந்து சொல்லுவன். என்ர மருமகனை ஆரும் கள்ளன் எண்டு சொல்ல விடமாட்டன்."

"இப்ப அங்க ஆரும் இல்லையம்மா, நாளைக்குத்தான்" எண்டு அவளைப் பிடிச்சு இருத்தினது கௌரி.

அடுத்த நாள் மருமகன் விடியவே போன் அடிச்சுக் கூட்டினதில, கிளப் அறையில கிரெய்க், லீக்கில இருந்து ஒரு பொம்பிளை, ரெலிபோனில மெல்பேர்ண் கோச். எங்கட பக்கம் மருமகன், நாகலட்சுமி, அவளுக்கு மொழிபெயர்க்க நான். அவள் தமிழில முழுக்கதையையும் சொன்னாள். கண்ணூறு, றேடியோ, கக்கூசு, ஐஸும் தண்ணிதானே, ஒண்டும் விடேல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தினம். எனக்குக் கடைசி ஆசை ஒண்டு கிடந்தது. சமையலுக்குக் கொண்டு வந்த உப்பு, தவறிக் கொட்டுப்பட்டிட்டுது, அக்சிடென்ற் எண்டு இங்கிலீசில அடிச்சுவிட்டன்.

நான் இந்த ஊரில இருபது வருசத்துக்கு மேல பஸ் ஓட்டினவன். அக்சிடென்ற் எண்ட சொல்லு எங்கட வீட்டில நாகலட்சுமிக்கு நல்லாத் தெரிஞ்ச சொல்லு.

"நோ அக்சிடென்ற்" எண்டாள், நெஞ்சில கையை வச்சுக்கொண்டு. "ஐ புற். மை ஹான்ட். ஹி டோன்ற் நோ." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பொய் சொல்லவோ என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" எண்டாள். அந்த அறைக்குள்ள எனக்கு ஒளிய ஒரு கதிரைகூடக் கிடைக்கேல்லை.

ரெலிபோனுக்குள்ள மெல்பேர்ண் கோச் முதல்ல சிரிக்கத் தொடங்கினவன், நிப்பாட்டக் கன நேரம் எடுத்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். இவள் இட்ட உப்பை மெல்பேர்ண்காரன் உயிருள்ளவரைக்கும் நினைப்பான். ஆனால் நல்ல மனுசன். முழு ஆட்டத்தையும் தங்களுக்குத் தரச்சொல்லிக் கேட்டிருக்கலாம், கேக்கேல்லை. கடைசிப் பகுதியை மட்டும், ரெண்டுக்கு ரெண்டில இருந்து, சனிக்கிழமை திரும்ப விளையாடுவம் எண்டான். லீக் பொம்பிளையும் ஓமெண்டு தலையாட்டினா.

வெளியில வர கிரெய்க் மருமகனை மறிச்சான். முகம் பீற்றூட் நிறம். "வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் முடிஞ்சுது. உனக்கென்ன பைத்தியமோ?" எண்டான். ஞாயித்துக்கிழமை நான் சொன்ன அதே கதைதான், அவன்ர வாயால கேக்கேக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ர மருமகனைப் பற்றிப் பார்த்துக் கதை" எண்டு தமிழிலயே சொல்லிப்போட்டு வந்தன்.

சனிக்கிழமையும் வந்தது. டைலருக்கு டொக்டர் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை. தான் இப்ப சரி எண்டு அவன் காலில விழாத குறை. கிரெய்க்கும் அவனுக்குப் பின்னால நிண்டான். மருமகன் ரெண்டு பேருக்கும் இல்லையெண்டார். நாகலட்சுமி பெட்டியும் கொண்டுவரேல்லை, ஒரு சத்தமும் போடேல்லை. கையை மடியில கட்டிக்கொண்டு சிலை மாதிரி இருந்தாள்.

பெடியள் நல்லாத்தான் விளையாடினாங்கள். ஆளுக்காள் விடாமல் இழுபட்டு, கடைசி நேரத்தில மெல்பேர்ண்காரன் ஒருத்தன் தூரத்தில இருந்து ஒண்டு அடிச்சான். ஜோஷ் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற அடி. இடக்கையை உயர்த்தினான், கையுறைக்குள்ள பக் விழுந்தது, விழுந்து வழுகி வலைக்குள்ள போயிட்டுது. மூண்டுக்கு ரெண்டு. கதை முடிஞ்சுது.

கிரெய்க் அதிகம் மினக்கெடேல்லை. உடுப்பு அறைக்குப் போற பாதையில வச்சுக் கையைக் குடுத்து, நன்றி, ஃபின்லாந்துக்காரனோட கதைச்சாச்சு எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். கௌரி புருசன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். நாகலட்சுமி சுவரோட சாய்ஞ்சு, "என்ர பிள்ளையை நானே என்ர கையால கப்பலேத்திப் போட்டனே" எண்டு விம்மினாள். ஒரு கிழமையா நான் அவளோட சண்டை பிடிச்சபடி. அண்டைக்குப் பக்கத்தில போய் நிண்டன்.

உடுப்பு அறைக் கதவு திறந்தது. ஜோஷ் வந்தான், ஸ்கேற்றும் கழட்டேல்லை, கால் கவசமும் கழட்டேல்லை. மூக்கால ஒழுகுது. நேரா வந்து மருமகனுக்கு முன்னால இடக்கையை நீட்டினான். சுண்டுவிரலும் அதுக்கு அடுத்ததும் கத்தரிக்காய் நிறத்தில வீங்கிக் கிடந்தது.

"உடைஞ்சிருக்கு கோச். ரெண்டு கிழமையா."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் என்னை இருத்துவீங்கள். எங்களிட்ட வேற கோல்கீப்பர் இல்லை. தோத்தால் உங்களுக்கு வேலை போயிடும் எண்டு எல்லாருக்கும் தெரியும்." குமர்ப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான் அந்த ஆறடிப் பெடியன். "அன்ரி வந்து தான் செய்ததைச் சொன்னவா. நான் சொல்லேல்லை."

நான் மருமகன்ர முகத்தைப் பார்த்தன். இந்தக் கையால போன கோல், இந்தக் கையால போன வேலை. பத்து வருசமா பஸ்ஸிலயும் குளிரிலயும் கிடந்து, முழங்காலைக் குடுத்து, கடைசியாய்ப் பிடிச்ச ஒரு கொப்பு. நான் எண்டால் கன்னத்தைப் பொத்தி ஒண்டு குடுத்திருப்பன். அவர் அவனை மர வாங்கில இருத்திப்போட்டு, அந்தக் கெட்டுப்போன முழங்காலை நிலத்தில ஊண்டிக் குந்தினார். உடைஞ்ச கையால ஸ்கேற் நாடா அவிழ்க்க ஏலாதுதானே. ஒவ்வொரு முடிச்சாய் அவிழ்த்துக்கொண்டு, "என்னை மாதிரி ஒருத்தன் போதும், ஓகே? நோகேக்க சொல்லிப்போடு" எண்டார்.

ஜோஷ் மூக்கைத் துடைச்சான். "அடுத்த வருசமும் நீங்கள் இருப்பீங்களோ?"

"இல்லை."

"அப்ப நான் ஆரிட்டச் சொல்லுறது?"

மருமகன்ர கை நாடாவில நிண்டுட்டுது. அவர் தலையை நிமித்தேல்லை. கௌரி அங்கால திரும்பினாள்.

நாகலட்சுமி முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கொண்டு வந்து அந்த வாங்கில ஜோஷுக்குப் பக்கத்தில இருந்தாள். அவன்ர வீங்கின கையைத் தூக்கித் தன்ர மடியில வச்சாள்.

"யூ டெல் மீ" எண்டாள். பிறகு தமிழில, "விசர்ப் பெடியா, இந்தக் கையோடயோ இவ்வளவு நேரம் அங்க நிண்டனி?" எண்டு ஏசத் தொடங்கினாள்.

பிள்ளையள் மார்கழியில வெளிக்கிட்டுப் போட்டினம். சஸ்கச்சுவானில இப்ப சுபாங்கனுக்கு இருபது பெடியள் இருக்கிறாங்களாம், ஒருத்தனும் நோவை மறைக்கிறேல்லையாம். வீடு வெறிச்சோடித்தான் கிடக்கு. அதை மறைச்சு என்ன, எங்களுக்கு நோகுது.

போன ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சு ஜோஷ் வந்தான். பின்கதவால குசினிக்குள்ள வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். நாகலட்சுமி தேத்தண்ணியை முன்னால வச்சு, "வெயர் பெயின்?" எண்டாள். அவன் ஒரு வாய் குடிச்சுப்போட்டு, வலப்பக்க விலாவில கையை வச்சான்.

அவள் அந்த இடத்தை விரலால அழுத்திப் பார்த்தாள். அவன் துள்ளினான்.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?" எண்டாள் என்னை. "காரை எடுங்கோ."